பென்சிலில் ஒரு பெருக்கல் குறி

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் இருமல் விட்டதா? போன கடிதத்திலும் கேட்டேன். இருமலைப் பற்றி ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடாது.

ஓட்டல் சலவைக்கூடத்தில் என்னை நீராவி இஸ்திரிக்கு மாற்றிவிட்டார்கள். படுக்கை விரிப்பை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். முழங்கை வரை வெந்துபோகிறது. பரவாயில்லை, ஞாயிறு விடுமுறை.

அந்த ஞாயிறில்தான் ஒரு புதுச் சேதி. பஸ் டிப்போவின் ஓய்வறையில், எல்லைப் பாலம் தாண்டி வந்த நம்மைப் போன்ற குடும்பத்துப் பெண்களுக்கு மதியம் ஒரு வகுப்பு நடக்கிறது. நடத்துவது ஒரு கண்டக்டரம்மா. பள்ளிக்கூடமும் ஆபீசும் இந்த ஊர் மொழியில் அனுப்பும் பேப்பர்களைப் படிக்கச் சொல்லித்தருகிறார். "டிக்கெட்டைப் பார்க்காமலே பையில போடுறவங்களை தினமும் பார்க்கிறேன். இறங்க வேண்டிய இடம் போனப்புறம்தான் அழுவாங்க" என்றார். அவரவர் வீட்டுப் பேப்பர்களைக் கொண்டுவரச் சொன்னார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்கிறவள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்தாள், மகனுக்குக் கிடைத்த பரிசுப் பத்திரம் என்று. அது தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் அறிவிப்பாம். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவரவர் பையைத் திறக்கவே பயமாக இருந்தது.

பாப்பா இன்னும் பள்ளிக்கூடத்தின் அந்தக் கடைசி அறையில்தான் இருக்கிறாள். பாடம் ஏதும் இல்லாமல் ஒரு வருஷமாக மணி கோக்கிறாள். வீட்டில் விரிப்புகளை டஜன் கணக்கில் நான் சொல்லி முடிப்பதற்குள் கூட்டிச் சொல்லிவிடுகிறாள். நேற்று, "அம்மா, நான் மக்கா?" என்று கேட்டாள். போன வருஷம் பள்ளியிலிருந்து ஒரு மஞ்சள் பேப்பர் வந்ததே, பாலம் தாண்டிப் போய்வரும் லாரிக்காரர் கையில் உங்களுக்கு அனுப்பினேனே, அதில் என்ன எழுதியிருந்தது? நீங்கள்தான் படித்துவிட்டு, வழக்கம்போல நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலில் பெருக்கல் குறி போட்டு அனுப்பினீர்கள்.

உங்கள்
பாப்பா அம்மா


பிப்ரவரி 16

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

இருமல் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் டயர் கடையில் வேலை ஓடுகிறது. பஞ்சர் ஒட்டிக்கொண்டே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சள் பேப்பரில் தப்பாக ஒன்றும் இல்லை. பிள்ளையைத் தனியாகக் கவனித்துச் சொல்லித்தருவார்கள் என்று இருந்தது. நல்லதுதானே? இதை நீ கிளறாதே. பள்ளிக்கூடத்தில் போய்க் கேள்வி கேட்டால், நீ அங்கே தங்குவதற்கான அனுமதிப் பேப்பரைக் கேட்பார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே. கண்டக்டரம்மாவுக்கு என்ன, அவர் அந்த ஊர்க்காரர், பேசுவார். ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகத் தூங்கு.

இன்னும் இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன். வந்து நானே பள்ளியில் பேசுகிறேன்.

அன்புடன்
பாப்பா அப்பா


மார்ச் 2

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கண்டக்டரம்மா வாசல் வரை வந்தார், உள்ளே வரவில்லை. "நீங்களே கேளுங்க. அதுக்குத்தானே நாலு வாரம் படிச்சீங்க" என்றார். உள்ளே போய் நானே கேட்டேன். என் பேப்பரை யாரும் கேட்கவில்லை. மஞ்சள் பேப்பரின் நகலைக் கொடுத்தார்கள்.

டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். அதில் இருந்தது இதுதான்: "இந்தப் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைப் போலக் கற்கும் திறன் இல்லை." அதன் கீழே இரண்டு கோடுகள். மேல்கோடு, "ஒப்புக்கொள்கிறேன்." கீழ்க்கோடு, "ஒப்புக்கொள்ளவில்லை." உங்கள் பெருக்கல் குறி மேல்கோட்டில் இருக்கிறது. அதன்மேல் என் கையெழுத்து.

வீட்டில் தமிழே பேசி வளர்ந்த பாப்பாவுக்கு இந்த ஊர் மொழி வராமல் இருந்தது. அவ்வளவுதான். அதற்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவளை மக்கு என்று எழுதிக்கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் இதைப் படித்துவிட்டுத்தான் குறி போட்டீர்களா? அப்படியென்றால் என்னால் மன்னிக்க முடியாது. படிக்காமல் போட்டீர்களா? அதையாவது சொல்லுங்கள். எனக்கு உண்மை வேண்டும்.

வகுப்பை மாற்றக் கேட்கும் பேப்பரை இத்துடன் அனுப்புகிறேன். தாய் தகப்பன் இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். மார்ச் 28 கடைசி. தவறினால் இன்னும் ஒரு வருஷம் மணி கோக்க வேண்டியதுதான்.

பாப்பா அம்மா


மார்ச் 9

பாப்பா அம்மாவுக்கு,

எனக்கு அந்த ஊர் மொழியைப் படிக்கத் தெரியாது. பேசுவேன், அவ்வளவுதான். நாம் அங்கே போனதிலிருந்தே, எட்டு வருஷமாகத் தெரியாது.

முதன்முதலில் ஆபீசில் ஒரு குமாஸ்தா, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலில் குறி போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கோடு எங்கே இருக்கிறதோ அங்கே குறி. நீ அந்த ஆபீஸ் வரிசையில் நின்ற பெண்ணிடம், "எங்க வீட்டுக்காரர் எல்லாம் படிச்சுடுவார்" என்று சொன்னாய். உன் முகத்தில் அவ்வளவு நிம்மதி. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் சொல்ல நேரமே வரவில்லை. மஞ்சள் பேப்பரில் இரண்டு கோடு இருந்தது. முதல் கோட்டில் போட்டேன். பாப்பாவை அப்படி எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. அவள்மேல் ஆணையாகத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. என்னைத் திருப்பி அனுப்பிய அன்று, அதிகாரி ஒரு பேப்பரை நீட்டி, "படிச்சீங்களா?" என்று கேட்டார். "படிச்சேன்" என்றேன். வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் பேப்பர் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். உன்னிடம் சட்டம் மாறிவிட்டது என்று சொன்னேன்.

நீ அனுப்பியதைத் திருப்பி அனுப்புகிறேன். அதிலும் இரண்டு கோடு இருக்கிறது. பேனாவை எடுத்தேன், எந்தக் கோடு என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை.

பாப்பா அப்பா


மார்ச் 16

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். கோபமும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தும் உங்களை நான் கவனிக்கவில்லையே என்று என்மேலும் கோபம்.

அந்தப் பேப்பரை மறுபடியும் அனுப்புகிறேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் எழுதியிருக்கிறேன். சந்தேகம் வந்த இரண்டு சொற்களைக் கண்டக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் குறி போடவில்லை. போட மாட்டேன். நீங்களே படித்து, நீங்களே போடுங்கள்.

நாள் குறைவு. லாரிக்காரர் வியாழக்கிழமை உங்கள் கடைக்கு வருவார்.

உங்கள்
பாப்பா அம்மா


மார்ச் 20

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான்கு தடவை படித்தேன். லாரிக்காரர் டீ குடித்துவிட்டு வந்து, "என்னய்யா, பரீட்சையா எழுதுற?" என்றார். வகுப்பை மாற்ற வேண்டும் என்று நீ தமிழில் எழுதியிருந்த கீழ்க்கோட்டில் போட்டிருக்கிறேன். கை தவறிவிடக் கூடாது என்று மேல்கோட்டை விரலால் மறைத்துக்கொண்டு போட்டேன். சரிதானே?

இத்துடன் இன்னொரு பேப்பரும் இருக்கிறது. அன்று நான் கையெழுத்துப் போட்டதன் நகல். டயர் கடையில் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். அதற்கும் கீழே தமிழில் எழுதி அனுப்பு. எதையும் விட்டுவிடாதே.

பாப்பா அப்பா


ஏப்ரல் 5

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

சரியான கோடுதான். திங்கட்கிழமையிலிருந்து பாப்பா நான்காம் வகுப்பில் உட்காருகிறாள். ஜன்னலோரம், இரண்டாவது பெஞ்ச். கோத்த மணிகளையெல்லாம் கடைசி அறையிலேயே விட்டுவிட்டு வந்தாளாம்.

உங்கள் பேப்பரைப் படித்துவிட்டேன். படித்து ஒரு வாரம் ஆகிறது. இதில் பாதியை மறைத்து எழுதலாமா என்று மனசு அலைந்தது. உங்களுக்கும் அன்று இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் மறைக்கவில்லை.

ஊரைவிட்டுப் போக நீங்களாகவே சம்மதிப்பதாக எழுதியிருக்கிறது. மறுத்திருந்தால் உங்கள் பக்கத்தையும் கேட்டு விசாரித்திருப்பார்கள், அதற்கும் ஒரு கோடு இருந்திருக்கிறது. கண்டக்டரம்மா சட்ட உதவிக்காரரிடமும் காட்டிக் கேட்டுவிட்டார். இனி அதை மாற்ற முடியாதாம். சம்மதித்தவர் ஐந்து வருஷம் பாலம் தாண்ட விண்ணப்பம் போட முடியாது. ஒரு வருஷம் ஒன்பது மாதம் போய்விட்டது. இன்னும் மூன்று வருஷம் மூன்று மாதம் இருக்கிறது. பாப்பா அப்போது ஏழாம் வகுப்பில் இருப்பாள்.

அதனால் இனிமேல் இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்று எழுதாதீர்கள். இருமலைப் பற்றி எழுதுங்கள். இத்துடன் எங்கள் வகுப்பின் முதல் பாடத்தை வைத்திருக்கிறேன். கீழே தமிழ் எழுதவில்லை. பாப்பா எழுத வேண்டாம் என்றாள். "அப்பா தானே படிக்கட்டும், தப்பு வந்தா நான் திருத்துறேன்" என்கிறாள்.

உங்கள்
பாப்பா அம்மா