ராஜா வேஷத்துக்கு ஒரு கோட்டு

மேயர் அவர்களுக்கு,

வீட்டில் உன்னைக் கூப்பிடும் பெயர் இன்று எனக்கு வாயில் வரவில்லை. ஏதென்ஸ் ஓட்டலில் நன்றாகத் தூங்குகிறாயா?

பள்ளி விழாவுக்குப் பழைய நாடகம் தேர்ந்தெடுத்தோம். செத்த அண்ணனைப் புதைக்கக் கூடாது என்று ராஜா ஆணையிட, தங்கை மண் அள்ளிப் போடுகிறாளே, அது. பிள்ளைகள்தான் கேட்டார்கள்.

தலைமையாசிரியர் ஸ்டாமாடிஸுக்கு வியர்த்துவிட்டது. "டீச்சரம்மா, மேயர் முன்வரிசையில உக்காருவாரு. பசங்க பொம்பளை வேஷம் கட்டுற சிரிப்பு நாடகமா ஒண்ணு போடுங்களேன்!"

நாடகத்தை மாற்ற மாட்டேன் என்றேன். படகு கவிழ்ந்து செத்த அகதிகளுக்கு நம் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று நீ கையெழுத்துப் போட்டாய். அவர்கள் இன்னும் துறைமுகத்தில், மீன் வைக்கும் குளிர்பெட்டியில் கிடக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு வருகிறார்கள்.

ராஜா வேஷம் கட்ட எவனும் முன்வரவில்லை. "ஊரே காறித் துப்பும் டீச்சர்" என்றார்கள். கடைசியில் நம் மகன் எழுந்தான்.

"நான் பண்றேன். பாதி வசனம் எனக்கு ஏற்கெனவே தெரியும். சாப்பாட்டு மேஜையில கேட்டதுதானே!"

ராஜா வேஷத்துக்கு நேரே அவன் பெயரை எழுதினேன்.

இன்று மாலை உன் கறுப்புக் கோட்டைப் போட்டுப் பார்த்தான். தோள், கை எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. உடனே கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான்.

இப்படிக்கு,
அவன் அம்மா