அம்மா தூங்கும் படம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஓவியக் குழுவில் வாய் திறந்து பேசக் கூச்சப்படுபவர்கள் எழுதி வாசல் பெட்டியில் போடலாம் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளிடம் எதையாவது எழுதித் தா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

நம் ஓவியக் குழுவின் படங்களை ஆஸ்பத்திரி நடைவழியில் மாட்டப்போகிறோம், அதில் என்னுடையதும் ஒன்று என்று சனிக்கிழமை சொன்னீர்கள் அல்லவா? உடனே கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வயிற்றுவலி என்று சொன்னது பொய். அத்தனை பேர் நடுவில் என்னை ஓவியர் என்று சொல்லிவிட்டீர்கள். அப்படிச் செய்யலாமா?

அந்த ஆஸ்பத்திரியின் சலவை அறையில்தான் அம்மா விரிப்பு மடிக்கிறாள். மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோவேன். சாப்பிட்டதும், மடித்து அடுக்கிய விரிப்புகளின் மேல் சாய்ந்து, வாயைத் திறந்தபடி கொஞ்சம் கண்ணயர்வாள். அப்போது வரைந்த படம் அது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நடந்துபோகும்போது தானே பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

திறப்புவிழாவுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

நீங்கள் வைத்த பெயரிலேயே,
வாயாடி


ஜூன் 13

என் அன்பு வாயாடிக்கு,

கடைசிவரை வரவே இல்லையே நீ! உன் படத்தின் முன்னால்தான் கூட்டம். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர், "எனக்கு ராத்திரி வராத தூக்கத்தையெல்லாம் இந்தம்மா தூங்குது பாரு" என்றார். நர்ஸ்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சலவைப் பிரிவு சூப்பர்வைசரும் வந்தார். வெகுநேரம் நின்றுவிட்டு, "இது நம்ம ரூம் மாதிரி இருக்கே?" என்றார். "ஆமா சார், உங்ககிட்ட வேலை பாக்கிறவங்கதான். வரைஞ்சது அவங்க மக" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

இன்னொன்று. அடுத்த மாதம் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு நம் குழுவிலிருந்து ஒரே ஒரு படம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் உன்னுடையதையே சொன்னார்கள். ஓவியப் பள்ளிப் பக்கமே போகாத நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது. இந்த முறை கழிவறைக்குள் ஓடாதே.

பெருமையோடு,
உன் அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

படத்தைக் கழற்றிவிடுங்கள்.

சூப்பர்வைசர் அம்மாவைக் கூப்பிட்டுப் போனைக் காட்டியிருக்கிறார். "காலைல பத்து மணி பத்து நிமிஷத்துக்கே தூக்கமா? நீ பெத்த பொண்ணே சாட்சி சொல்லுது பாரு." சாப்பாட்டு நேரத்தில்தான் சாய்ந்தேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் படத்தில் இருக்கும் கடிகாரத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்.

அக்கா, அந்தச் சுவரில் கடிகாரமே கிடையாது. சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று நான் போட்டது. கடிகாரக் கடை விளம்பரங்களில் முள் எப்போதும் அப்படித்தான், பத்து பத்தில், இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். அழகாக இருக்குமே என்று அதையே வைத்தேன்.

இப்போது அம்மாவை ரத்தக்கறைத் துணி பிரிக்கப் போட்டுவிட்டார்கள். கூட வேலை செய்பவர்கள், "என்ன மகாராணி, இன்னைக்கு எந்தப் பக்கம் சாஞ்சு போஸ் குடுக்கப்போறீங்க?" என்கிறார்களாம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயையாவது மூடியிருப்பேனேடி" என்றாள். அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறையிலேயே படுத்துக்கொள்கிறேன்.

வாயாடி


ஜூன் 18

என் கண்ணே,

படத்தை இறக்கிவிட்டேன். அன்றைக்கு ஊருக்கே கேட்கும்படி பெருமையடித்த என் வாயை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தேன். கடிகாரம் கற்பனை என்றேன். "அப்போ தூங்கினதும் கற்பனையா மேடம்? வரைஞ்ச பொண்ணு வந்து சொல்லட்டும்" என்றார்.

உன்னைப் பேசச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது என்று குழுவில் எல்லோரையும் அதட்டுபவள் நான். இப்போது நானே கேட்கிறேன். திங்கட்கிழமை காலையில் வா. கதவுக்கு வெளியே நான் நிற்பேன்.

தலைகுனிவோடு,
அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உள்ளே நான் பேசியது உங்களுக்குக் கேட்டிருக்காது. எதிரில் இருந்த சூப்பர்வைசருக்கே இரண்டாம் தடவைதான் கேட்டது. "அங்க கடிகாரம் இல்ல சார். நான் சாப்பாடு கொண்டு போனப்போதான் வரைஞ்சேன்" என்றேன். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். "இல்லாததையெல்லாம் வரையாதே பாப்பா" என்றார். மறுநாள் அம்மா பழைய வேலைக்கே வந்துவிட்டாள்.

இத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

நேற்று சாப்பாடு கொண்டுபோனேன். பென்சில்கூட எடுத்துப் போகவில்லை. அம்மா சாப்பிட்டுக் கை கழுவினாள். முடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் சொருகிக்கொண்டே இருந்தது. "சாஞ்சுக்கோம்மா" என்றேன். "தூக்கம் வரலடி" என்றாள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தோம்.

பெரிய கண்காட்சிக்கு நம் குழுவில் இருக்கும் பெயின்டர் அண்ணன் வரைந்த மழைப் படத்தை அனுப்புங்கள். நல்ல படம் அது. எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பட்டியலில் என் பெயரை நினைத்து இரண்டு நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமைகளில் எனக்காக வரையும் பலகை ஒதுக்கி வைக்காதீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதே அம்மா ஒரு நாள் அசந்து தூங்கட்டும். அதன் பிறகு வருகிறேன்.

என்றும் அன்புடன்,
வாயாடி