துரையின் நெஞ்சில் புது இறகு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, துரை மூன்று பேரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், முக்கால்வாசி நம்பிவிட்டேன், மீதிக் கால்வாசிக்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாயே, கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை துரையின் நெஞ்சு இறகெல்லாம் போய் மொட்டையாக இருக்கிற போட்டோவைப் பார்த்துவிட்டு, "என்னாலதான்மா அவன் இப்படி ஆயிட்டான், நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன்" என்று அழுதாயே, அதற்குப் பதில் இது. முதலில் ஒன்று தெரிந்துகொள், அது பழைய போட்டோ. பறவை டாக்டரிடம் காட்டுவதற்காக எடுத்தது. இப்போது அவன் எவ்வளவு அழகாக இருக்கிறான் என்று காட்டுவதற்காக அப்பா புதுப் போட்டோவைத் தேடி, கண்ணாடி போடாமல் விரலை வைத்து, அந்தப் பழையதை அனுப்பித் தொலைத்துவிட்டார். மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், புருஷன் கண்ணாடி போட மாட்டேன் என்கிறார், இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல.

நீ அழுததிலிருந்து எனக்குப் பழையதெல்லாம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. அப்பா கடைசி நடை முடித்து பஸ்ஸைக் கூட்டும்போது பின் சீட்டுக்கு அடியில் ஒரு செருப்புப் பெட்டி கிடந்ததும், அதை யாருமே தேடி வராததும், அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் உனக்கும் மறந்திருக்காது. திறந்து பார்த்தால் உடம்பெல்லாம் முள் முளைத்த மாதிரி ஒரு குஞ்சு. இது கிளியா முள்ளம்பன்றியா என்று நான் கேட்டேன். நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பெண், பாவம் முள் குத்துகிறது என்று ஒன்றைப் பிடித்து இழுத்துவிட்டாய். ரத்தம் வந்ததும் நீ போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவே திறந்தது. வளருகிற இறகுக்குள் ரத்தம் ஓடும், அது முள் இல்லை, உறைக்குள் சுருட்டி வைத்த இறகு என்று அப்புறம்தான் எங்கேயோ படித்துவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தாய். கட்டிலில் இடம் கொடுத்தால் நடுவில் படுத்துக்கொள்வான், தட்டில் இருப்பதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பான், அதனால்தான் துரை என்று பெயரே வைத்தோம்.

அந்தப் பொடுகு விவகாரம் ஞாபகம் இருக்கிறதா. உன் கறுப்புச் சட்டைத் தோளில் எப்போது பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாய்க் கிடக்கும். வளருகிற பெண், தலையைக் கவனிக்க மாட்டேன் என்கிறாளே என்று உன்னைப் பிடித்து உட்கார வைத்து நாற்ற மருந்தெல்லாம் தேய்த்தேன். நீயும் வாயைத் திறக்காமல் தேய்த்துக்கொண்டாய். ஒருநாள் நீ படித்துக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்க்கிறேன், அவன் உன் தோளில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுக்கிறான், நீ ஒரு கையால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கையால் அவன் தலையில் இறகுகளை எதிர்ப்பக்கமாகக் கோதி ஒவ்வொரு உறையாக உருட்டி உதிர்க்கிறாய். பொடுகு உனக்கில்லை, துரைக்கு. ஏண்டி சொல்லவில்லை என்றால், "நீ தலை தேய்ச்சு விடறது நல்லா இருந்துச்சும்மா" என்றாய். அன்றைக்கு உன் மண்டையில் ஒன்று வைத்தேன், ஆனாலும் அதற்கப்புறம் பொடுகே இல்லாமல் எத்தனையோ நாள் தேய்த்துவிட்டேன்.

உன்னைத் தவிர யாரையும் அவன் அண்டவிட்டதில்லை. அப்பாவுக்கு எத்தனை கடி. வாலை விசிறி மாதிரி விரித்து, கண்ணின் கருமணி கடுகாய்ச் சுருங்கி மறுபடி விரிந்தால் கிட்டே போகாதீர்கள் என்று நீ தலைபாடாய் அடித்துக்கொள்வாய், அவரோ "என்னைப் பார்த்து எப்படிக் குஷியா இருக்கான் பாரு" என்று விரலை நீட்டுவார். கட்டு போட்ட விரலோடு ஸ்டீயரிங் பிடித்த மனுஷர்.

நீ வேலைக்காக அந்த ஊருக்குப் போனபிறகு இங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருந்தோம், சொன்னால் நீ அங்கே நிம்மதியாக இருக்க மாட்டாய் என்றுதான். கொஞ்ச நாள் கழித்துக் கூண்டுக்கு அடியில் சாம்பல் நிறப் பஞ்சு கிடக்க ஆரம்பித்தது. இறகு உதிரும் பருவம் என்று பெருக்கித் தள்ளினேன். அப்புறம் பார்த்தால் அவனே நெஞ்சிலிருந்து பிடுங்குகிறான். தலை மட்டும் பளபளவென்று இருக்கிறது, கழுத்துக்குக் கீழே தோல் தெரிகிறது. உன்னை நினைத்து ஏங்குகிறான் என்று எனக்குப் பட்டது. அதனால் கடையிலிருந்து வந்ததும் நீ போனில் பேசி அனுப்புவதை எல்லாம் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்து அவனுக்குப் போட்டுக் காட்டினேன். உன் குரல் கேட்டதும் தாவி வாசல் பக்கக் கம்பியில் தொங்குவான், கருமணி சுருங்கி விரியும், அப்பா பஸ்ஸைப் பின்னால் எடுக்கிற பீப் பீப் சத்தம் முதல் உன் சிரிப்பு வரை தெரிந்ததை எல்லாம் ஒப்பிப்பான். பார்த்தீர்களா எவ்வளவு சந்தோஷம் என்று அப்பாவிடம் பெருமையடித்துக்கொள்வேன். குரல் நின்றதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூலைக்குப் போய்விடுவான். மறுநாள் இன்னும் கொஞ்சம் பஞ்சு கிடக்கும். நானும் இன்னும் கொஞ்ச நேரம் போட்டுக் காட்டுவேன்.

பறவை டாக்டர் உன் வயசுப் பெண்தான். ரத்தம், தோல் எல்லாம் பரிசோதித்து நோய் ஒன்றும் இல்லை என்றாள். எந்த நேரத்தில் பிடுங்குகிறான், அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று துருவித் துருவிக் கேட்டாள். நான் பெருமையாகக் குரல் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "தினமும் ஒருத்தர் வாசல்ல நின்னு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, உள்ளே வராமலே போனா உங்களுக்கு எப்படிம்மா இருக்கும்?" என்றாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. குரலை நிறுத்துங்கள், கூண்டை ஆள் நடமாடுகிற இடத்தில் வையுங்கள், கொறித்துக் கிழிக்க ஏதாவது கொடுங்கள், மேலே லேசாகத் தண்ணீர் தெளியுங்கள் என்றாள். அன்றிலிருந்துதான் நீ கூப்பிட்டால் மாடிப்படிக்கு ஓடுகிறேன். துரையைக் காட்டு என்றால் தூங்குகிறான், குளிக்கிறான் என்று தட்டிக் கழித்ததும் அதனால்தான். கடையில் மூக்குக் கண்ணாடி வந்து இறங்குகிற அட்டைப்பெட்டிகளை எல்லாம் இப்போது நான்தான் அள்ளிக்கொண்டு வருகிறேன், அவன் கிழித்துக் கிழித்து வீட்டைக் குப்பைமேடாக்குகிறான். முதலாளி உனக்கு எதற்கம்மா இத்தனை அட்டை என்கிறார், வீட்டில் ஒரு துரை இருக்கிறார் என்றேன்.

உன் குரல் இல்லாமல் அவன் பழகிவிட்டான், எனக்குத்தான் முடியவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லென்ஸ் தேய்க்கிற மிஷின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காதில் வைத்துக் கேட்கிறேன். பஸ் தவறிப்போச்சு, மழை பெய்யுது, குடை ஓட்டை என்று நீ ஒன்றுமில்லாததைத்தான் பேசியிருப்பாய், அதுவே போதும்.

இப்போது நல்ல செய்தி. நெஞ்சில் பச்சை இறகு மூடிவிட்டது. பருவத்து உதிர்வும் சேர்ந்துகொண்டதால் தலையிலும் பிடரியிலும் மறுபடி அந்த முள் இறகு. உடம்பில் இருப்பதை எல்லாம் அலகாலேயே கோதிக்கொள்கிறான், தலை மட்டும் எட்டாதே, கம்பியில் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பான். நேற்று அப்பா வேலை முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். துரை மெல்ல இறங்கி, நாற்காலிக் கையில் ஏறி, அவர் பக்கத்தில் வந்து பிடரி இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலையைக் குனிந்தான். அப்பா சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டார். "கடிப்பானா, பார்த்துச் சொல்லு" என்று உதடு அசையாமல் கேட்கிறார். நான் குனிந்து பார்த்தேன். கருமணி அசையவில்லை, கண் பாதி மூடியிருந்தது. தைரியமாகக் கோதுங்கள் என்றேன். அந்தப் பெரிய விரல்களால் பயந்து பயந்து ஒவ்வொரு உறையாக உருட்டினார். வெள்ளைப் பொடி அவர் காக்கிச் சட்டையெல்லாம் கொட்டியது. முதலில் சிரித்தவர், கொஞ்ச நேரத்தில், "பாப்பா கையை மறந்துட்டான் போலிருக்கே" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.

டாக்டர் பெண்ணிடம் இன்று போன் செய்து கேட்டேன். மறந்திருக்க மாட்டான், நீ வந்து நின்றால் தெரிந்துகொள்வான், ஆனால் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டான், அது அவனுக்கு நல்லது என்றாள். கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, உன்னை நினைத்துச் சங்கடமாகவும் இருந்தது. மனசு கஷ்டப்படாதே கண்ணு. அவன் இப்போது வாசலைப் பார்ப்பதில்லை. அவனுக்காக நீ அந்த வேலையை விட வேண்டாம். எத்தனை பேரில் உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்பா பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் பெற்றவளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு போட்டோவைப் பார்த்ததும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று வாயில் வந்துவிட்டதே, அது துரைக்காக மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். லீவு நாளில் எங்கே போனாய் என்றால் துணி துவைத்தேன் என்கிறாய். தனியாக இருப்பது தாங்கவில்லை என்றால் அதை அப்படியே சொல். கிளி ஏங்குகிறது என்று அதன் தலையில் போடாதே, அந்தத் தப்பை நானே செய்து பார்த்துவிட்டேன். இங்கே வாசலைப் பார்க்கிறவர்கள் அப்பாவும் நானும்தான். எங்களுக்காகவும் நீ வர வேண்டாம். உனக்கு வர வேண்டும் போலிருந்தால் வா, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். இருந்து பார்க்கிறேன் என்றாலும் சரிதான்.

உடம்பும் மனசும் தெம்பாக, நாலு பேர் நடுவில் சிரித்த முகமாக நீ இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். நேரத்துக்குச் சாப்பிடு, முதலில் ஒரு நல்ல குடை வாங்கு. இதைப் படித்ததும் கூப்பிடு. வீட்டில் இருக்கும்போது வேண்டாம், துரை காதில் விழும். மத்தியானத்தில் கடைக்குக் கூப்பிடு, மிஷின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். அந்தச் சத்தத்தில் நாம் இரண்டு பேரும் எவ்வளவு அழுதாலும் வெளியே கேட்காது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா