இடுப்பளவு நிழல்

மார்ச் 3

இன்றும் பழம் சூடாகத்தான் வந்தது. ஸ்ட்ராபெர்ரிக்குள் வெப்பமானியின் ஊசியைச் செருகினால் முப்பத்து மூன்று டிகிரி காட்டுகிறது. பறித்த பெட்டிகள் வரிசை முனையில் டிராக்டருக்காக வெயிலில் காத்துக் கிடக்கின்றன. உடனே குளிர் அறைக்கு வந்தால் ஒரு வாரம் தாங்கும். இப்படி வெந்து வந்தால் மூன்றே நாளில் தளர்ந்துவிடும். மேனேஜருக்குக் குளிர் அறை என்றால் பாவம் கழுவும் இடம் என்று நினைப்பு. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் எல்லாம் சரியாகிவிடுமாம். வெயிலில் போனது போனதுதான் ஐயா. வாழை மாதிரி பறித்த பிறகு பழுக்கிற ரகமும் இல்லை இது. காம்பை விட்ட நொடியிலிருந்து இறக்கம்தான். அந்த இறக்கத்தை மெதுவாக்கத்தான் குளிர் அறையில் எனக்குச் சம்பளம்.

தண்ணீர் பிடிக்க வந்த அக்கா, ஊசியைப் பார்த்துச் சிரித்தாள். “பழத்துக்கெல்லாம் ஜுரம் பாக்குற. பறிக்கிற எங்களுக்கும் ஒரு தடவ பாரேன், டாக்டரு.”

மார்ச் 5

அக்காவுக்குக் கால் வீங்கிவிட்டது. ஏழாம் மாதம். மாமாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். மாமா லாரியோடு எங்கேயோ. “அவரு செருப்பாவது கூட இருக்கே,” என்கிறாள்.

மார்ச் 9

அக்கா வரிசை நடுவில் மயங்கி விழுந்துவிட்டாள்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது ஈரச் சாக்கில் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் அவள் மேல் ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தலைமேல் வெயில். மேற்பார்வையாளன் — எந்நேரமும் வாயில் விசில், அதனால் அவன் பெயரே விசில் — அரை நாள் கூலி என்று குறித்துக்கொண்டு போய்விட்டான். மனுஷனா அவன்?

நேராக மேனேஜரிடம் போனேன். வரிசை முனையில் நிழல் வேண்டும் என்றேன். “நிழல் போட்டா எல்லாரும் உக்காந்துடுவாங்கப்பா,” என்றார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

சாயங்காலம் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “உன்ன யார்றா போய்க் கேக்கச் சொன்னா? முடியாதவன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா இந்த ரூமக் காலி பண்ணணும். புள்ளயப் பெத்து உன் குளிர் ரூம்லயா போடுவேன்?”

அவள் சொல்வது சரிதான். பறிக்கிறவர்களுக்குத்தான் கம்பெனி அறை. நான் ஒப்பந்த ஆள். நானே அவள் அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறேன். பழத்தின் சூட்டுக்கு இங்கே கணக்கு உண்டு. அவளுடையதற்கு?

மார்ச் 12

அனுப்பிய சரக்கு திரும்பிவிட்டது. சாம்பல் பூஞ்சை. “ரூம்ல என்னதான் புடுங்குற?” என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. மனிதருக்குக் கேட்டால்தானே கிடைக்காது?

மார்ச் 13

ஒரே வரிசை, ஒரே நேரத்தில் பறித்த பழம். ஒரு பெட்டியை வெயிலில் விட்டேன். இன்னொன்றுக்கு என் சட்டையைக் குச்சியில் கட்டி நிழல் போட்டேன். பிறகு இரண்டையும் ஒன்றாகக் குளிர் அறையில் வைத்துவிட்டேன். பனியனோடு நின்ற என்னைப் பார்த்து விசில், “என்னடா கோலம் இது?” என்றான். ஆராய்ச்சி சார் என்றேன்.

மார்ச் 18

இரண்டு பெட்டிகளையும் மேனேஜர் மேசையில் வைத்தேன். வெயிலில் இருந்ததில் அங்கங்கே சாம்பல் ரோமம். தொட்டால் விரல் உள்ளே போகிறது. நிழலில் இருந்தது இன்று பறித்ததுபோல் பளபளப்பு.

நொந்த பழம் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “அடப்பாவமே, வெயில்ல எப்படி வெந்து போயிருக்கு!” குரலில் அவ்வளவு இரக்கம். பழத்துக்கு! “உடனே நிழல் போடச் சொல்றேன்.”

ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 21

நிழல் வந்துவிட்டது. இரும்புக் கம்பி நட்டு மேலே பச்சை வலை. ஒவ்வொரு வரிசை முனையிலும்.

இடுப்பளவு உயரம்.

பெட்டிக்கு அது போதுமாம். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “உன் தம்பி நமக்குக் கோழிக்கூண்டு கட்டிக் குடுத்திருக்கான்டி,” என்றாள் ஒருத்தி. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “எம் புள்ளைக்கு முன்னாடியே பழத்துக்கு மாமனாயிட்டான்!”

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள்.

மார்ச் 22

திரும்பவும் மேனேஜர். அடிபட்ட பழம் ஒன்று பெட்டியில் இருந்தால் அக்கம்பக்கத்தையும் கெடுத்துவிடும், ஏற்றுவதற்கு முன்னால் நிழலிலேயே பொறுக்கிப் பிரிக்க வேண்டும், அதை உட்கார்ந்துதான் செய்ய முடியும் என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. யார் செய்வது என்றார். கை நிதானமான ஆள் வேண்டும் என்று அக்காவைக் கைகாட்டினேன். தலையாட்டினார்.

குஷியாக வீட்டுக்கு வந்தால் அக்கா எரிந்து விழுகிறாள். “அன்னிக்கு எனக்குத் துணி புடிச்சாங்களே, அவங்க வெயில்ல குனியணும், நான் உள்ள மகாராணி மாதிரி உக்காரணுமா? அவங்க மூஞ்சில எப்படிடா முழிப்பேன்? முறை வெச்சு உக்காருவோம்.”

“உனக்கு ஏழாம் மாசம்க்கா!”

“கடைசி வரிசைக்காரிக்கு முட்டி தேஞ்சு முட்டியே இல்லடா!”

சாப்பிடாமல் திரும்பிப் படுத்தேன். தட்டோடு வந்து உட்கார்ந்து, என் காதைத் திருகி, வாயில் ஒரு கவளத்தைத் திணித்தாள். “எனக்குன்னு கேட்ட பாரு, அதுக்கு இது.” எது? திருகலா, கவளமா?

மார்ச் 24

குளிர் அறை வாசலிலிருந்து பார்த்தால் பச்சை வலை அங்கங்கே புடைத்திருக்கிறது. உள்ளே கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருப்பவர்களின் தலைகள். கழுத்தைச் சாய்த்துக்கொண்டேதான் வேலை செய்கிறார்கள். சரக்கு எதுவும் திரும்பவில்லை.

மார்ச் 29

காலையில் போனால் வலைகள் எல்லாம் ஆளுயரத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு கம்பியோடும் மூங்கில் வைத்துக் கட்டியிருக்கிறது. முடிச்சு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

விசில் குதித்தான். “யாரு பண்ணது இத?”

அக்காதான் அப்பாவி முகத்தோடு, “பழம் வளந்திருக்கும் சார்,” என்றாள்.

மேனேஜர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். “இவ்ளோ ஒசரம் பழத்துக்கு ஆகுமா?”

காற்றோட்டம் கூடும், சூடு தங்காது, பழத்துக்கு இதுதான் நல்லது என்றேன். அதுவும் உண்மைதான். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். “அப்ப இருக்கட்டும்,” என்று போய்விட்டார்.

ஏப்ரல் 6

நர்ஸ் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனாள். குழந்தையின் எடை சரியாக இருக்கிறதாம். அறையைக் காலி பண்ணச் சொல்லி யாரும் வரவில்லை.

மதியம் அக்காவின் முறை இல்லை. கடைசி வரிசைக்காரி அவளைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். “முறையாவது மண்ணாவது, போடி உள்ள.” அக்கா ஏதோ பதிலுக்குத் திட்டினாள், டிராக்டர் சத்தத்தில் காதில் விழவில்லை. நிழலுக்குள் நிமிர்ந்து நின்றாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் நின்று நிதானமாகக் குடித்தாள்.