ருக்மணி வீட்டு வாசலில் சீதா

காஜா பேராங், மலாக்கா
2-11-1957

அன்பு மகன் தியாகுவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அப்பாவும் உன் தங்கை சீதாவும் நலம், பினாங்கில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் மாரியம்மன் காக்கட்டும். உன் கடிதம் வந்தது. தை மாதம் பெண்வீட்டார் நம் வீடு பார்க்க வரும்போது சீதாவை இரண்டு நாள் பக்கத்து வீட்டு மஜீதாவிடம் விட்டுவைக்கச் சொல்லியிருந்தாய். அப்பா படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார், எனக்கு அப்படி மடித்து வைக்க வராது.

மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியும், கேட்காமல் அடுத்தவர் அடுப்படி வரை போவாள், பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தால் விடமாட்டாள், எதிர்வீட்டு ருக்மணி தன் மகளை இவளோடு சேரவே விடவில்லை. மற்ற பிள்ளைகள் பார்த்துப் பழகுவதை இவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும் என்றார் டாக்டர். சரி, சொல்லித்தந்தேன். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் வெறும் தட்டைக் கொடுத்து மஜீதா வீட்டுக்கு அனுப்பினேன். கதவைத் தட்டு, வெளியே நில், தட்டை நீட்டு, தட்டு திரும்பி வரும்வரை காத்திரு. பலகாரத் தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாதே, மஜீதாவும் சலிக்காமல் ஒரு கரண்டி சீனி போட்டு அனுப்புவாள். முதல் வாரம் சீனியெல்லாம் தெருவில்தான்.

தீபாவளியன்று, ஆகஸ்டில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வீட்டுக்கும் அவளே முறுக்கு கொண்டுபோனாள். ருக்மணி முறுக்கைக் கொட்டிக்கொண்டு, வெறும் தட்டைக் கையில் திணித்துக் கதவைச் சாத்திவிட்டாள். உன் தங்கை நகர்ந்தாளா? தட்டில் சீனி விழுந்தால்தான் வீடு திரும்பலாம் என்றல்லவா பழக்கியிருக்கிறேன். வெயிலில் தட்டை நீட்டியபடி அரைமணி நேரம் நின்றாள். கூட்டி வரப் போன அப்பாவை நான்தான் தடுத்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது, பார்க்கட்டும் என்று நானும் வாசலில் நின்றேன். கடைசியில் கதவைத் திறந்தது ருக்மணியின் மகள் மல்லிகா. இரண்டு கையிலும் சீனி அள்ளிவந்து தட்டில் போட்டாள். சீதா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை தம்பி, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்தப் பெண் இப்போது சாயங்காலம் நம் வீட்டுக்கு விளையாட வருகிறாள், அவள் அம்மா திட்டினாலும் வருகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் சைக்கிளில் போகாதே. பெண்வீட்டாருக்கு நீயே எழுதிவிடு, எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது, வாசலில் நின்று உங்களுக்குச் சந்தனம் கொடுக்கப்போவது அவள்தான் என்று. சந்தனக் கிண்ணத்தை நீட்டி இந்த வாரமே பழக ஆரம்பித்துவிட்டோம். அவளைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் போகட்டும். அப்போதும் உனக்கு வெட்கமாக இருந்தால் சொல், மஜீதாவிடம் கேட்டுவைக்கிறேன், அந்த இரண்டு நாள் நீ அங்கே இருந்துகொள்.

நூறு வயது நன்றாக இரு.

கோபத்தோடும் ஆசீர்வாதத்தோடும்,
உன் அம்மா
சாரதாம்பாள்