சோபாப் பாறையும் படகின் முன்பலகையும்

மே 24, 1997. சனி.

இந்த நோட்டில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக இல்லாத விஷயங்களையும் சேர்த்து. இயற்கை ஆராய்ச்சியாளர் ஆக விரும்புகிறவளுக்கு இது முதல் பயிற்சி. பெயர்: நேடீன் டீக். வயது: பன்னிரண்டு ஆண்டு, நான்கு மாதம்.

இன்று ஆற்றில் பாஸ் மீன் பிடிக்கும் பருவம் திறந்தது. வீட்டில் யாரும் சந்தோஷமாக இல்லை. அம்மாவின் வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது. ஜாம் பாட்டில்களோடு சர்ச் படியில் வழுக்கி விழுந்தாள். ஜூன் 21-ல் சர்ச் மீன்பிடிப் போட்டி. ஒரு படகுக்கு இரண்டு பேர், யாருடைய மீன் நீளமோ அவர்கள் பெயர் சர்ச் கூடத்தில் தொங்கும் துடுப்பில் எழுதப்படும். பதினைந்து வருடமாக அப்பாவின் படகில் முன்பலகை அம்மாவுடையது. இந்த வருடம் அது காலி.

உட்காரக்கூடியவர்கள் இருவர். ஒருவர் பர்ல் மாமா, அம்மாவின் அண்ணன். படகில் ஏறினால் தூங்கிவிடுவார். இன்னொருத்தி நான். அக்கா ரோண்டா கணக்கில் இல்லை. அவள் தன் காதலன் டோபியின் படகில் போகிறாள்.

கேட்டேன். அப்பா தூண்டில் கோலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மீன் பிடிக்க உனக்கு வரும் நேடி. வாயை மூடத்தான் வராது."

மே 26. திங்கள்.

பரீட்சை! அப்பா என்னை ஆற்றுக்கு அழைத்துப்போனார். எங்கள் சொந்த இடத்துக்கு. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இடம் உண்டு, அதை யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். "எங்கே பிடிச்சே?" என்று கேட்டால் "மீன் வாயில பிடிச்சேன்" என்பதுதான் பதில். இந்த விஷயத்தில் பாதிரியாரே கூசாமல் பொய் சொல்வார்.

டோபியிடம் பதினொரு கோல்கள் இருக்கின்றன. அவன் கான்சாஸ் நகரத்திலிருந்து போன வருடம் வந்தவன். அப்பாவிடம் ஒரே கோல், டேப் சுற்றிய ஒரு ரீல், ஈயக் குண்டு வைத்த சில தூண்டில் முட்கள், ஒன்பது பழுப்பு ரப்பர் புழுக்கள். ரப்பர் என்று சொல்கிறோமே தவிர அவை மெத்தென்ற பிளாஸ்டிக். அவற்றை வாங்கின பையிலேயே வைக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். போன கோடையில் அப்பாவுக்கு உதவலாம் என்று எல்லாப் புழுக்களையும் நிறவாரியாக என் வண்ணப் பென்சில் டப்பாவில் அடுக்கினேன். அந்த டப்பா கெட்டிப் பிளாஸ்டிக். வெயிலில் இரண்டும் ஒன்றையொன்று உருக்கி, புழுவும் டப்பாவும் ஒரே கூழாகிவிட்டன. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இடம்: மூன்றாவது கூழாங்கல் திட்டுக்குக் கீழே, சாய்ந்த வெள்ளை மரத்துக்கு எதிரே. தண்ணீருக்குள் ஒரு பெரிய பாறை, முதுகும் இரண்டு கைகளும் வைத்தது போல. நான் அதற்குச் சோபாப் பாறை என்று பெயர் வைத்தேன் (மனதுக்குள் மட்டும்). பழுப்பு பாஸ் மீன்கள் அந்தச் சோபாவின் நிழலில் உட்கார்ந்திருக்கின்றன. அப்பா நான்கு பிடித்தார், நான் ஒன்று. எல்லாவற்றையும் விட்டுவிட்டோம்.

மே 29.

ரோண்டாவின் காதுகள் பெரியவை. முடியைத் தூக்கிக் கட்டும்போது ஜாடிக்கு இரண்டு கைப்பிடி வைத்தாற்போல் இருக்கிறது. இது குற்றச்சாட்டு அல்ல, கவனிப்பு.

ஜூன் 2.

கடும் வெயில். ஆனாலும் ரோண்டா காதை மூடி முடியை விரித்துப் போட்டிருக்கிறாள். சலூனில் வேலை பார்ப்பவள், ஏதாவது புது பாணியாக இருக்கும்.

ஜூன் 7. சனி.

எல்லாம் போச்சு. எல்லாமே போச்சு.

காலையில் அப்பா ஆற்றுக்குப் போயிருக்கிறார். எங்கள் இடத்தில் டோபி நின்றிருக்கிறான். கையில் ஊதா நிறப் புழு. சிரித்துக்கொண்டே, "குட்மார்னிங் சார்! இந்தச் சோபாப் பாறை அருமையான இடம் சார்!" என்று சொன்னானாம்.

அப்பா வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"சோபாப் பாறைன்னு அதுக்கு யாரு பேரு வெச்சது?"

"நான்தான்ப்பா. ஆனா யார்கிட்டயும் சொல்லலே. சத்தியமா!"

"அப்புறம் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினேன்... என் நோட்டுல மட்டும்."

"எழுதறதும் சொல்றதுதான் நேடி." அவ்வளவுதான். பிறகு பர்ல் மாமாவுக்குப் போன் செய்தார்.

நான் யார்கிட்டயும் சொல்லலியே! உண்மையை எழுதினது தப்பா? நோட்டுக்கு வாய் இருக்கா என்ன?

ஜூன் 8. ஞாயிறு. (இதை அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, போட்டி முடிந்ததும் இங்கே ஒட்டினேன்.)

பிரசங்கத்தின் நடுவில் திடீரென்று புரிந்தது. காது! மே 29-ல் காதைப் பற்றி எழுதினேன். ஜூன் 2-ல் காது மறைந்துவிட்டது. நான் அதை வாயால் யாரிடமும் சொல்லவே இல்லை.

முன் வரிசையில் ரோண்டா விரித்த முடியோடு எவ்வளவு பக்தியாகப் பாடினாள் தெரியுமா. எனக்குப் பாட்டு வரவில்லை.

ஜூன் 9. (இதுவும் ஒட்டியது.)

யோசித்து முடிவெடுத்தேன். அப்பாவிடம் காட்டிக்கொடுத்தால் ரோண்டா "நான் படிக்கவே இல்லை" என்பாள். அதோடு, கோள் சொல்கிறவள் எப்படி வாயை மூடத் தெரிந்தவள் ஆவாள்? எனக்கு அந்த முன்பலகை வேண்டும். ரகசியம் காக்கத் தெரியும் என்று காட்ட வேண்டும்.

ஆகவே நாளை ரோண்டா படிக்கும் நோட்டில் ஒரு பொய் எழுதப்போகிறேன். அது பொய் என்பதை இங்கே உண்மையாகப் பதிவு செய்கிறேன். இரண்டும் சேர்ந்தால் உண்மைதான் என்று நினைக்கிறேன். பாதிரியாரைக் கேட்க முடியாது.

ஜூன் 10. செவ்வாய்.

இன்று ஒரு பெரிய ரகசியம் தெரிந்தது!! அப்பாவும் பர்ல் மாமாவும் கொட்டகையில் பேசியதைக் கேட்டேன். சோபாப் பாறையெல்லாம் சும்மா. போட்டி மீன்கள் ஹாப்வுட் பண்ணையின் மாட்டுக் குட்டையில்தான் இருக்கின்றனவாம். ஆறு அங்கே ஒரு கிளையாக உள்ளே நுழைகிறதே, அங்கே. படகோடு நேராக உள்ளே போய்விட வேண்டும். ஆழத்தைப் பற்றிக் கவலைப்படக் கூடாது.

அதைவிட முக்கியம் புழு வைத்தியம். எல்லா நிறப் புழுக்களையும் பையிலிருந்து எடுத்து, தூண்டிலில் மாட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் மீன்கள் வைக்கும் பெட்டியிலேயே ஒன்றாகப் போட வேண்டும். மேலே இரண்டு கரண்டி கடலை வெண்ணெய், ஒரு கரண்டி இருமல் தைலம். இவை சேர்ந்தால் போன கோடையில் ஆனது போல் உருகாதாம். பெட்டியை மூடி, வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு வாரம் வெயிலில் வைக்க வேண்டும். நடுவில் திறந்தால் சக்தி போய்விடும்! இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 13. வெள்ளி. (இதுவும் ஒட்டியது.)

இரவுச் சாப்பாட்டில் அம்மா: "கடலை வெண்ணெய் டப்பா எங்கே? யாரு எடுத்தது?"

ரோண்டா சோள ரொட்டியை மிகவும் கவனமாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 16. (இதுவும்.)

டோபியின் வண்டி எங்கள் வாசலில் நின்றது. முன்கண்ணாடிக்குக் கீழே அவனுடைய பெரிய பெட்டி. ஜன்னல் ஓர் அங்குலம் திறந்திருந்தது. மூக்கை வைத்துப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த தாத்தா ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவது போன்ற வாசனை.

மனசாட்சி உறுத்துகிறதா என்று கவனித்தேன். கொஞ்சம். சிரிப்புதான் அதிகம்.

ஜூன் 21. சனி. போட்டி.

வரிசையாக எழுதுகிறேன்.

என் கையெழுத்து தெளிவானது என்று பாதிரியாரின் மனைவி ஓப்பல் அம்மாள் கரும்பலகையையும் அளவுப் பலகையையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். கூழாங்கல் திட்டில் அம்மாவும் நானும். படகுகள் ஆறு மணிக்குக் கிளம்பின. அப்பாவின் முன்பலகையில் பர்ல் மாமா. முதல் வளைவு தாண்டும் முன்பே அவர் தலை தொங்கிவிட்டது.

எட்டரைக்கு அப்பா ஒரு மீனோடு வந்தார். பதினேழே முக்கால் அங்குலம். பெரிய மீன்! அதுவரை வந்ததிலேயே நீளமானது. ஈரக் கையால் பிடித்து விதிப்படி அளந்து, எழுதி, ஆற்றில் விட்டேன்.

அப்போதுதான் டோபியின் படகு வந்தது. படகு என்று தெரிந்ததே அதிசயம். இருவரும் இடுப்புவரை சேறு. ரோண்டாவின் முடி முழுவதும் பின்னால் ஒட்டிக்கொண்டு இரண்டு காதும் தெளிவாகத் தெரிந்தன.

"என்ன தம்பி, மாடு மேய்க்கப் போயிருந்தியா?" என்றார் அப்பா.

டோபி பெட்டியைத் திறந்தான். உள்ளே ஊதா, பச்சை, மஞ்சள், கறுப்பு எல்லாம் கலந்து பளபளவென்று ஒரே கட்டி. நடுவில் இரண்டு பிளாஸ்டிக் மீன்களின் கண்கள் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. திட்டு முழுக்க இருமல் தைலம் மணத்தது. பர்ல் மாமாவே விழித்துக்கொண்டார்.

அப்பா குனிந்து முகர்ந்தார். "யாரு தம்பி இந்த வைத்தியம் சொன்னது?"

"நீங்கதான் சார். அதாவது... நீங்க இப்படித்தான் செய்வீங்கன்னு..." ரோண்டா அவன் காலை மிதித்தாள்.

ரோண்டா என்னை முறைத்தாள். ஆனால் என்ன சொல்வாள்? "இவள் நோட்டில் பொய் எழுதிவிட்டாள்" என்றால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும். அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கனவே துடைத்த இடத்தை மூன்றாம் முறை.

அடுத்து நடந்ததை நான் யோசித்தே வைக்கவில்லை. டோபி கேட்டான்: "சார், ரெண்டு புழு இருந்தா தருவீங்களா?"

ஆற்றில் ஒருவன் புழு கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வருடம் முழுக்க நம் முள்ளில் மீன் ஏறாது. இது எங்கள் ஆற்றின் சட்டம், சின்னக் குழந்தைக்கும் தெரியும். என் திட்டத்தில் மட்டும் அதற்கு இடம் வைக்க மறந்துவிட்டேன். அப்பா ஒன்பதில் நான்கை எண்ணிக் கொடுத்தார். நான்கும் நல்ல புழுக்கள்.

பதினொன்றே முக்காலுக்கு ரோண்டா முன்னால் தண்ணீரில் நடந்து வந்தாள், மீன் கிடந்த வாளியோடு. டோபி படகைத் தள்ளிக்கொண்டு பின்னால்.

"எங்கேடி பிடிச்சே?" என்றாள் அம்மா.

"வாயில," என்றாள் ரோண்டா.

பலகையில் படுக்க வைத்தேன். வால் விரிந்த நிலையில் பதினேழரை. ஆனால் சர்ச் விதிப்படி வாலின் இரண்டு நுனிகளையும் சேர்த்து அமுக்கி அளக்க வேண்டும். ஓப்பல் அம்மாள் எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரும் என் விரல்களைப் பார்க்கவில்லை. ரோண்டாவைத் தவிர. நான் அமுக்காமல் விட்டிருந்தால் அப்பா ஜெயித்திருப்பார். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. சீக்கிரம் முடிவு செய் என்று சொன்ன மாதிரி இருந்தது.

அமுக்கினேன். சரியாகப் பதினெட்டு.

"பதினெட்டு!" என்று கத்தினேன். அப்பா தொப்பியைக் கழற்றி ரோண்டாவுக்கு வணக்கம் வைத்தார். என் பக்கம் திரும்பாமல் படகைக் கட்டப் போனார்.

முன்பலகை இனி கனவுதான்.

ஜூன் 22. ஞாயிறு.

நோட்டைத் திறந்தால் மே 29-ம் தேதிக்குப் பக்கத்தில் பச்சை மையில்: "என் காது ஒன்றும் அவ்வளவு பெரிசில்லை. வாலை அமுக்கினதுக்குத் தேங்க்ஸ். ஆனால் மாட்டுக் குட்டைக்காக உன்னைச் சும்மா விட மாட்டேன்."

மதியம் பாத்திரம் கழுவும்போது அப்பா வந்து துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு தட்டு. இரண்டு தட்டு.

"இருமல் தைலம் எதுக்கு?"

"மீனுக்கு மூக்கு உண்டுன்னு புத்தகத்துல போட்டிருக்குப்பா."

"கடலை வெண்ணெய்?"

"ருசிக்கு."

அப்பா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. அம்மா கூடத்திலிருந்து, "என்ன ஆச்சு அங்கே?" என்று கேட்கும்வரை நிறுத்தவில்லை.

"பத்து நாள்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பத்து நாள் வயித்துக்குள்ள வெச்சிருந்திருக்கே. ஒரு வார்த்தை வெளியே விடலே. எனக்குக்கூடத் தெரியலே."

"ஆனா நாம தோத்துட்டோமேப்பா."

"யாருகிட்டே? என் மகள்கிட்டே, என் புழுவாலே." மூன்றாவது தட்டை அடுக்கினார். "டோபியோட பெட்டியைச் சுரண்டிச் சுத்தம் பண்ணிக் கொடுக்கறது உன் வேலை. கடைசித் துளி வரைக்கும். அப்புறம், பர்ல் நேத்து மூணு தடவை குறட்டை விட்டான். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு எழுந்திரு."

ஜூன் 25.

பெட்டியைச் சுரண்டுவது மூன்றாம் நாள். பழைய பல் துலக்கி இரண்டு தேய்ந்துவிட்டன. கட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மீனை மட்டும் உயிரோடு காப்பாற்றினேன். டோபி, "அதை நீயே வெச்சுக்கோ, தயவுசெஞ்சு," என்றான்.

ஜூன் 28. சனி.

அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். நான் முன்பலகையில். பலகையின் நடுவில் லேசான பள்ளம் இருக்கிறது, அம்மா பதினைந்து வருடம் உட்கார்ந்த இடம். எனக்கு அது அகலம்.

போன இடம்: ஆறு. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

புழுவை மேல்பக்கம் வீசி, ஓட்டத்தோடு உருள விட வேண்டும். தூண்டில் நரம்பில் கல் தட்டும்: டிக், டிக், டிக். பிறகு ஒரு கல் திருப்பித் தட்டும். அதுதான் மீன். இழுத்தேன். மீன் ஆகாயத்துக்கு எழும்பியது, அப்பா பின்னாலிருந்து "கோலைத் தாழ்த்து! தாழ்த்து!" என்று கத்தினார், நான் ஏதோ கத்தினேன், என்ன என்று நினைவில்லை. வெண்கல நிறம். சிவந்த கண். என் கையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.

நீளம்: பதினாறு அங்குலம்.

இப்போது ரோண்டா பக்கத்துக் கட்டிலிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "பதினாறா? அப்பா சாப்பிடும்போது பதினாலரைன்னுதானேடி சொன்னாரு?"

"வால் அமுக்கினா."

"எங்கே பிடிச்சே?"

"வாயில."

அவள் தலையணைக்குள் சிரிக்கிறாள். அந்த எண்ணை அடித்துச் சரியாக எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அதற்குள் அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.