பற்றரியை வெயிலில் வைத்தவன்

2007 பெப்ரவரி 10

இன்று றஊபின் கடையில் மானம் போனது. றஊப், கட்டாரிலிருந்து தன் மச்சான் கொண்டுவந்த பழைய லப்டொப்பை மேசையில் வைத்து, "திறந்து பாருங்க ராசாண்ணே" என்றான். திறந்தேன். அதாவது, திறக்கப் பார்த்தேன். பிணைச்சல் இருக்கிற பக்கத்தில் நகத்தை விட்டுக் கெம்பிக்கொண்டு நின்றேன். கடையில் நின்றவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

"அண்ணே, அது நண்டு இல்ல. மறுபக்கம் திருப்புங்க."

பெற்ற மகள் வதனி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகுக்கு டிக்கெட் கிழிக்கிற கைக்கு இதற்குமேல் என்ன தெரியும்?

எப்படியோ வாங்கியாயிற்று. அடுத்த மாதம் கொழும்பில் அவளுடைய கணினிப் படிப்பின் கடைசிச் சோதனை. செய்த வேலையைச் சொந்த லப்டொப்பில் கொண்டுபோய்க் காட்டவேண்டுமாம். நன்றாக இருந்தால் அங்கேயே வேலைக்கும் எடுப்பார்களாம். மற்றதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. இந்தப் பெட்டி இருந்தால் பிள்ளை இந்த ஊரை விட்டுப் போகலாம். அது விளங்கியது.

பெப்ரவரி 14

சொந்தக்காரன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தை எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் தடுமாறக்கூடாது.

நல்லது: திரையின் வெளிச்சம். கரண்ட் போனபோது அதை வைத்துக்கொண்டே புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம், முள்ளுக்கூடத் தெரிந்தது. மனைவி கமலா சொன்னாள், "இதை வாங்கினதுக்கு இந்த ஒரு பிரயோசனமாவது உங்களுக்குக் கிடைச்சுது."

கெட்டது: அடியில் சூடு. மடிக்கணினி என்று பேர் வைத்தவன் மடியில் வைத்துப் பார்த்திருக்க மாட்டான். நான் சாரத்தோடு வைத்துப் பார்த்தேன். மேலே எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்னும் கெட்டது: உள்ளே காற்றாடி மா அரைக்கிற சத்தம் போடுகிறது. ஒரு எழுத்துக் கட்டையை இரண்டு தரம் குத்தினால்தான் விழும்.

எல்லாவற்றிலும் நல்லது: போட்டதும் ஒரு சங்கீதம் வரும். நாலே சுரம். கோயிலில் திரை விலகுகிற மாதிரி இருக்கும். "இன்னொருக்கால் போடு பிள்ளை" என்று கேட்டேன். "அப்பா, இது ரேடியோ இல்லை" என்றாள். ஆனாலும் நிப்பாட்டிப் போட்டுக் காட்டினாள். கமலாவும் கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

பெப்ரவரி 22

பற்றரிதான் பெரிய குறை. அரை மணித்தியாலம் தாங்காது.

எனக்குத் தெரியாத பற்றரியா? கமலாவின் ஊர் இலங்கைத்துறையில் நாங்கள் இருந்த காலத்தில், சண்டையால் அங்கே பற்றரி கொண்டுபோகத் தடை இருந்தபோது, ஒரு சோடி ரேடியோ பற்றரிக்கு எவ்வளவு மரியாதை! செத்துப்போனதை வெயிலில் வைத்து, பல்லால் கடித்து, பிறகும் செய்தி கேட்டவர்கள் நாங்கள். எனவே இதையும் கழற்றி, தகரக் கூரையில், கோழி மிதிக்காத இடமாகப் பார்த்து வைத்தேன்.

வதனி பார்த்துவிட்டாள். "ஐயோ அப்பா! வெடிக்கும்!"

"ரேடியோப் பற்றரி ஒருநாளும் வெடிக்கேல்லையே."

"இதையும் கடிச்சுப் பாக்கப் போறீங்களோ?"

கடிக்க யோசித்ததை நான் சொல்லவில்லை. துடைத்து உள்ளே போட்டுத் தந்தேன்.

மார்ச் 11

நாளை விடிய பஸ். கமலா மிளகாய்த்தூள் வறுத்துக் கட்டிவிட்டாள். வதனி தலைக்குக் குளிக்கப் போன நேரம் லப்டொப் பையை நான் அடுக்கினேன்.

பற்றரியைக் கழற்றி பிஸ்கட் தகரத்தில் போட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவாள். எத்தனை சென்றி தாண்ட வேண்டும், எத்தனை ஆமிக்காரன் பையைக் கிண்டுவான்! முன்பு மூதூர்ப் பக்கச் சென்றியில் ரெண்டே ரெண்டு ரேடியோப் பற்றரிக்காக ஒரு பின்னேரம் முழுக்க என்னை வெயிலில் நிறுத்தி வைத்தவர்கள். பற்றரி என்றால் குண்டுக்கோ என்று கேள்வி வரும். கொழும்பில் கரண்ட் இருக்கிறது, சார்ஜர் இருக்கிறது, ஓடும். பையும் பாரம் குறைவு.

நான் மடையன் என்று நினைக்கிறார்கள். இதையெல்லாம் நான்தான் யோசிக்கவேண்டி இருக்கிறது.

மார்ச் 12

பஸ் கொண்டக்டர் யோகலிங்கம் எனக்குப் போன் எடுத்தான். லோஞ்ச் வருகிற ஜெட்டியில் டிக்கெட் கிழித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, மகளைச் சென்றியில ஆமிக்காரர் இறக்கிப்போட்டாங்கள். லப்டொப்பைப் போட்டுக் காட்டச் சொன்னவங்கள். அது வேலை செய்யேல்லை. திருப்பிப் பாத்தால் அடியில ஒரு குழி. பற்றரி இல்லை. குழிக்குள்ள என்ன இருந்தது எண்டு கேக்கிறாங்கள். பிள்ளை தெரியாது எண்டு நிக்குது. என்னை ஒரு நிமிசம் நிக்க விடேல்லை அண்ணை. பஸ்ஸை எடுக்கச் சொல்லிப்போட்டாங்கள்."

நான் என்ன செய்தேன். நான் என்ன செய்து வைத்தேன்.

மார்ச் 13

சென்றிக்குப் போனோம். அங்கே இல்லையாம். முகாமுக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் இல்லையாம். கமலா ஒவ்வொரு வாசலிலும் பேரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், நீலச் சட்டை என்று சொன்னாள். எனக்குச் சிங்களத்தில் லோஞ்ச் நேரமும் டிக்கெட்டும்தான் சொல்லத் தெரியும்.

பற்றரியைக் கழற்றியது நான்தான் என்று வரும் வழியில் கமலாவிடம் சொன்னேன். பஸ்ஸில் என் பக்கத்துச் சீற்றில் இருந்தவள் எழும்பிப் போய் வேறு இடத்தில் இருந்தாள்.

மார்ச் 14

இன்று அவளுடைய சோதனை நாள்.

மார்ச் 15

ஒன்றும் தெரியவில்லை. கமலா சமைக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. அலுமாரியைத் திறந்தேன். தகரத்துக்குள் அது இருக்கிறது. இதை அவளோடு விட்டிருந்தால் போட்டுக் காட்டியிருப்பாள். நாலு சுரம் கேட்டிருக்கும், பஸ்ஸில் ஏறியிருப்பாள். என்ர பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்தது நான்தானே? வேற ஆர்? கடவுளே, வேற ஆர்?

பின்னேரம் றஊப் ஓடி வந்தான். தெரிந்த ஒருவர் மூலம் விசாரித்திருக்கிறான். நாங்கள் ரோடு ரோடாக அலைந்தபோது அவளை இங்கே, ரவுனில் ஒரு பொலிஸில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம்.

"பற்றரி இருக்குதா அண்ணே?"

"இருக்கு."

"நாளைக்கு அதையும் எடுத்துட்டு வாங்க. நான் கதைக்கிறன். நீங்க உள்ளத உள்ளபடி சொல்லுங்க. கெட்டித்தனம் மட்டும் வேணாம்."

மார்ச் 16

முழுவதையும் எழுத வேண்டும். 

பொலிஸ் வாசலில் நின்றவன் தகரத்தைத் தட்டி, "பிஸ்கட்?" என்றான். "பற்றரி" என்றேன். அவ்வளவுதான், இரண்டு துவக்கு என் பக்கம் திரும்பியது. றஊப் கையை உயர்த்திக்கொண்டு சிங்களத்தில் கத்தினான். தகரத்தை நிலத்தில் வைத்து, தூர நின்று, என்னையே திறக்கச் சொன்னார்கள். திறந்தேன்.

உள்ளே ஒரு வயதான சார்ஜன்ட். மேசையில் எங்கள் லப்டொப், சார்ஜர் வயரோடு. அது கணினிதான் என்று அவருக்குத் தெரியும். அவருடைய கேள்வி வேறு: அந்தக் குழிக்குள் வைத்து என்ன கொண்டுபோனாள்? வழியில் யாரிடம் கொடுத்தாள்?

"நீ ஏன் கழட்டினது?" என்று எனக்கு விளங்குகிற தமிழில் கேட்டார்.

உங்களுக்குப் பயந்துதான் என்று சொல்ல முடியுமா? பயப்படுகிறவனிடம் ஏதோ இருக்கிறது என்பார்கள். கெட்டித்தனம் வேண்டாம் என்று றஊப் சொன்னது ஞாபகம் வந்தது. மடைத்தனம் என்னிடம் தாராளமாக இருந்தது. அதைச் சொல்லத் தொடங்கினேன். ரேடியோப் பற்றரியை வெயிலில் வைத்தது. பல்லால் கடித்தது. இதைத் தகரக் கூரையில் காயவைத்தது. கோழி. மகள் கத்தியது. பற்றரி பாரம், பற்றரி மினக்கேடு, வீட்டிலேயே கிடக்கட்டும் என்று நான் களவாகக் கழற்றியது. றஊப் மொழிபெயர்த்தான். எதை விட்டான், எதைச் சேர்த்தான் என்று தெரியாது. 'கோழி'க்கு ஒரு பொலிஸ்காரன் சிரித்தான். நான் எழும்பி நின்று, கூரையில் எப்படி ஏறினேன் என்று நடித்தே காட்டினேன். சாரத்தை மடித்துக் கட்டி, ஏணி வழுக்கினதையும் சேர்த்து.

எல்லோரும் சிரித்தார்கள். சார்ஜன்ட் கண்ணைத் துடைத்தார். தன் அம்மாவும் ஊரில் இப்படித்தான் பற்றரியை வெயிலில் வைப்பாளாம். வாழ்நாளில் இவ்வளவு ஆசையோடு நான் யாரையும் சிரிக்க வைத்ததில்லை. சிரிங்கோ ஐயா, இன்னும் சிரிங்கோ என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு ஆடினேன்.

பிறகு பற்றரியை என் கையால் போடச் சொன்னார். டக் என்று குழியில் பொருந்தியது. அவர் பொத்தானை அமர்த்தினார். அந்தச் சங்கீதம் வந்தது.

அதே நேரம் உள் அறையில் ஒரு கதிரை விழுந்தது.

கொஞ்சத்தில் அவளைக் கூட்டி வந்தார்கள். அதே நீலச் சட்டை. என் மடித்துக் கட்டிய சாரத்தைப் பார்த்தாள்.

மார்ச் 19

பிள்ளை கதைக்கிறாள், சாப்பிடுகிறாள், கிணற்றடிக்குப் போகிறாள். ஆனால் இருக்கிற இடமெல்லாம் சுவரோடு சாய்ந்து இருக்கிறாள்.

இன்று அவளிடம் சொன்னேன்: "பற்றரியைக் கழட்டினது நான்தான் பிள்ளை."

"தெரியும் அப்பா. குழியைக் கண்ட உடனேயே தெரியும்."

"பிறகு ஏன் தெரியாது எண்டு சொன்னனீ?"

"அப்பா கழட்டினவர் எண்டு சொன்னால் உங்களை ஏத்திக்கொண்டு போயிருப்பாங்கள். உங்களுக்குச் சிங்களமும் தெரியாது."

கிணற்றடியில் போய் நின்றேன். முகம் கழுவினேன். பிறகும் கழுவினேன்.

ஏப்ரல் 8

கொழும்பிலிருந்து சோதனை நடத்துகிற மிஸ்ஸின் போன் வந்தது. அடுத்த சோதனை ஓகஸ்ட்டில் இருக்கிறதாம். வதனி போனைக் காதில் வைத்திருந்துவிட்டு, "பாப்பம் மிஸ்" என்றாள். அவளுக்காக நானே லப்டொப்பைத் துடைத்து, மேசையில் வைத்து, சரியான பக்கத்தால் திறந்து, பொத்தானை அமர்த்தினேன். கோயில் திரை விலகுகிற அந்தச் சங்கீதம்.

திரும்பிப் பார்த்தால் பிள்ளை நிலத்தில் குந்திக்கொண்டு காதைப் பொத்தியிருக்கிறாள்.

கமலாவுக்கு மட்டும் பிறகு சொல்லியிருக்கிறாள்: "பொலிஸில அதைப் போட்டுப் போட்டு நிப்பாட்டினவங்கள் அம்மா. ஒவ்வொருக்கால் போடேக்கையும் கேள்வியைத் திருப்பி முதல்லயிருந்து கேட்டவங்கள்."

கமலா அதற்குமேல் கேட்கவில்லையாம். எனக்குப் பிள்ளை அதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11

அந்தச் சத்தத்தை நிறுத்த ஏதோ வழி இருக்கும். கோழிக்கூட்டுப் பக்கம் கொண்டுபோய், பெட்டியைத் துணியால் சுற்றிக்கொண்டு, எல்லாக் கட்டையையும் அமர்த்திப் பார்த்தேன். திரையில் எழுத்துத்தான் பெருத்தது. வழி தெரிந்தவள் இந்த வீட்டில் ஒருத்திதான். அவளிடம் எப்படிக் கேட்பது?

மே 2

கமலா சொன்னாள், "வித்துப்போடுங்கோ." வதனி சரி என்று தலையை ஆட்டினாள். ஓகஸ்ட் பற்றி இனி யாரும் கதைக்கவில்லை.

மே 20

றஊப் அனுப்பினான் என்று கிண்ணியாவிலிருந்து ஒரு ரீச்சர் வந்தார். சித்தி பரீதா என்று பேர். நல்ல மனிசி, விபரமான மனிசி. பள்ளிக்கூட வேலைக்கு வேண்டுமாம். கதிரையில் இருந்ததும், "வச்சிருந்தவங்க நீங்கதானே. நல்லதும் கெட்டதும் உங்க வாயால சொல்லுங்க அண்ணே" என்றார்.

நான் பெப்ரவரியிலேயே தயாரானவன் அல்லவா? சொன்னேன். வெளிச்சம் நல்லது, மீன்முள்ளுத் தெரியும் என்றேன். சிரித்தார். மடியில் வைக்கவேண்டாம் என்றேன். காற்றாடி, கட்டை, சார்ஜர் வயரைச் சரித்துப் பிடிக்கவேண்டிய விதம், எல்லாம் சொன்னேன். பற்றரி அரை மணித்தியாலம்தான் என்றேன்.

"வெளியில கொண்டுபோகக்க பற்றரியக் கழட்டலாமா?"

"கழட்டாதேங்கோ ரீச்சர். ஒருநாளும் கழட்டாதேங்கோ."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

"வெளிச்சத்துக்கு வெளிய கேற்றடியில கொண்டுபோய்ப் போட்டுப் பாப்பம்" என்று நான் எழும்புவதற்குள் அவர் பொத்தானை அமர்த்திவிட்டார். நாலு சுரமும் வந்தது. குசினியில் ஏதோ தகரச் சாமான் விழுந்து உருண்டது. பிறகு கமலாவின் குரல், மெதுவாக, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை மகள்."

"ஸ்ஸ், எவ்வளவு அழகான சத்தம்" என்றார் ரீச்சர். பிறகு, "உள்ளுக்க என்ன?" என்றார்.

"பூனை."

"வேற குறை ஒண்டும் இல்லையே அண்ணே? இருந்தா இப்பயே சொல்லிருங்க."

இல்லை என்றேன்.

பையில் போட்டு, பற்றரியும் உள்ளேதான் இருக்கிறது என்று திருப்பிக் காட்டி, ஓட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். ஓட்டோ திரும்புகிற வரைக்கும் நின்றேன். நீங்கள் சொன்ன அந்த அழகான சத்தம்தான் ரீச்சர். அதுதான் ஒரே குறை.